லூபின் பூவும் நாகேஸ்வரி அக்காவும்

சாமிக்குப் பூப் பறிப்பவரைத் திட்டினால் பாவமாம். அப்படிச் சொன்னவர் வீட்டில் ஒரு பூச்சாடிகூட இருந்திருக்காது.

எங்கள் வெள்ளவத்தை ஃபிளட்டின் மொட்டைமாடியில் நான் லூபின் வளர்த்தேன். டெக்சாஸில் இருக்கும் தங்கை சிவானி வந்தபோது சூட்கேசில் ஒளித்துக் கொண்டுவந்த விதை. கல்லுப்போல இருக்கும். நகவெட்டியால் ஓரத்தைக் கிள்ளி, இரவு முழுக்க ஊறவைத்தேன். வேரை அசைத்தால் செத்துவிடும் என்பதால் பெரிய சாடியிலேயே நேராக ஊன்றினேன். கொழும்புப் புழுக்கத்தில் பாதி அழுகிப்போனது. வெயில் ஏற ஏறச் சாடிகளை நிழலுக்கு இழுத்து இழுத்து மிச்சத்தைக் காப்பாற்றினேன். ஒரு வருடச் செடி. காய் முற்றி விதை எடுக்காவிட்டால் அத்தோடு சரி.

முதல் நீலக்கொத்து விரிந்த அன்றே காணாமற்போனது. மூன்றாம் மாடி நாகேஸ்வரி அக்காவின் சாமி அறையில், பிள்ளையார் தலையில் இருந்தது.

"சாமிக்குத்தானே சுபோதினி, கோபிக்காதையும்," என்றார். அடுத்த நாளும் பறித்தார். அதற்கடுத்த நாளும். ஒரு கொத்தையாவது விட்டால்தானே காய்க்கும்? இதற்குப் பழிவாங்காமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை லிஃப்டில் கையும் பூவுமாகப் பிடித்தேன்.

"அக்கா, இண்டைக்குத்தான் சிவானி சொன்னவள். அங்க இது செத்தவீட்டுப் பூவாம். பிரேதத்துக்கு மட்டும்தான் வைக்கிறவையாம்."

பச்சைப் பொய். அவர் முகம் வெளிறிப்போனது. அன்று பின்னேரமே சாமி அறையைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, பிள்ளையாருக்குப் பாலும் ஊற்றினார். அந்தப் பூசை மணிச்சத்தத்தைக் கேட்டபடி நான் தேத்தண்ணி குடித்தேன். அவ்வளவு ருசியாக நான் குடித்ததேயில்லை.

அதன்பின் அவர் மொட்டைமாடிப் பக்கமே வரவில்லை. மிச்சக் கொத்துகள் விரிந்தன. அடித்தண்டில் பிஞ்சும் பிடித்தது.

ஒரு காலை கதவு தட்டப்பட்டது. அழுது வீங்கிய முகத்துடன் நாகேஸ்வரி அக்கா. நெடுநாள் படுக்கையில் கிடந்த அவருடைய மாமனார் காலமாகிவிட்டாராம்.

"இந்தமுறை கேட்டுத்தான் எடுக்க வந்தனான். உம்மட அந்தப் பூவெல்லாம் மாமாவுக்கு வேணும்."

பிரேதத்துக்குக் கேட்பதை எப்படி மறுப்பது? கத்தரிக்கோலோடு மேலே போனேன். அவரும் கூடவே வந்து நின்றார். கடைசித் தண்டில் கை நின்றுவிட்டது.

"அக்கா, இது ஒண்டை மட்டும் விடட்டே?"

"சீச்சீ, செத்தவீட்டுப் பூவை மிச்சம் வைக்கக் கூடாது. உம்மட வீட்டுக்குத்தான் கூடாது. வெட்டும்," என்றார்.