ஒன்றரை அடி

இன்சுக் ரத்தப் பையை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டிருந்தாள். விடிகாலை ஐந்தே முக்கால். கொரியாவின் உல்சான் கப்பல் கட்டும் தளத்தில் பெயின்ட் அடிக்கும் கூ வோன்பாலுக்கு வயிற்றுக்குள் பெருந்தமனி வெடித்திருந்தது. பிழிவதை நிறுத்தினால் ஆள் போய்விடுவார். அவளுடைய கட்டைவிரல்கள் மரத்துப்போயிருந்தன. முந்தின நாள் காலையிலிருந்து நின்ற காலிலேயே நிற்கிறாள்.

ஆஸ்பத்திரியின் மயக்க மருந்துப் பிரிவில் அவளுக்குப் பதினெட்டு வருஷம். போன கோடையில் ஆஸ்பத்திரி இயக்குநர் தோ அந்தப் பிரிவின் நர்ஸுகளில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். சர்ஜனுக்கு எரிச்சலாக இருக்கிறதென்று மானிட்டரின் அபாய ஒலியையும் குறைக்கச் சொன்னார். ஆபரேஷன் மேஜையோரம் சென்சாரைத் தாங்கும் கொக்கி உடைந்தது, புதுசு வரவில்லை. தரையில் நிற்கும் ஸ்டாண்டில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டார்கள். ரத்த அழுத்தத்தை அளக்கும் அந்தச் சென்சார் நோயாளியின் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். மேஜை ஏறினால் அதுவும் ஏற வேண்டும்; கீழேயே நின்றால் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். ஏற்றுவது இன்சுக்கின் கை.

தமனியைக் கவ்வியால் இறுக்கி ரத்தம் நின்ற பிறகு, ஏழரைக்குச் சுவர் போன் அலறியது. மூன்றாம் அறைக்கு உடனே வரச் சொன்னார்கள். மயக்க மருந்து டாக்டர் நாம் என்பவரையும் ஏற்கெனவே அங்கேதான் கூப்பிட்டிருந்தார்கள். இங்கே தலைமாட்டில் ஆள் இல்லையே என்றாள். இது உத்தரவு என்று சொல்லி வைத்துவிட்டார்கள். போனாள்.

அவள் போனதும் சர்ஜன் மேஜையை உயர்த்தச் சொன்னார். இளம் நர்ஸ் சேஒக் பெடலை மிதித்தாள். மேஜை ஒன்றரை அடி ஏறியது. சென்சார் ஏறவில்லை. பிறகு தமனியை இறுக்கியிருந்த கவ்வியை சர்ஜன் தளர்த்தினார். ரத்தம் கால்களுக்குப் பாய்ந்தது. மேலே அழுத்தம் சரிந்தது.

“பிரஷர்?”

சேஒக் திரையைப் பார்த்தாள். “தொண்ணூத்தஞ்சு, டாக்டர்.”

சர்ஜன் நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தார். இதயத் துடிப்பு ஏறியதற்கு மானிட்டர் முனகியது. யார் காதிலும் விழவில்லை.

இருபத்திரண்டு நிமிஷம் கழித்து ஓடிவந்த இன்சுக், பழக்க தோஷத்தில் கழுத்தில் விரல் வைத்தாள். திரை தொண்ணூற்றைந்து என்றது. விரலுக்கடியில் நாடி நூலிழையாகத்தான் ஓடியது. கண் தரைப்பக்கம் போனது. சென்சார் ஸ்டாண்டில் பழைய உயரத்திலேயே ஒட்டியிருந்தது. டேப்பைப் பிய்த்து உயர்த்திப் பிடித்தாள்.

அறுபத்திரண்டு.

வோன்பால் சாகவில்லை. கண்ணும் திறக்கவில்லை.

நாலாம் நாள் இயக்குநர் தோ அவளைக் கூப்பிட்டு, டைப் அடித்த ஒரு தாளை நகர்த்தினார்.

“கையெழுத்து போடும்மா. மேஜைய ஏத்தினது சேஒக். சொல்லாம ஏத்திட்டா. உன் மேல தப்பில்லன்னு எழுதியாச்சு.”

“நான் அந்த அறையில இருந்தேன்னும் எழுதியிருக்கு சார்.”

“இருந்தேல்ல?”

“இல்ல.”

“அப்ப உன் லைசென்ஸ் போகும். அவளா நீயா, நீயே முடிவு பண்ணு.”

“ஏத்தச் சொன்னா ஏத்துறது அவ வேலை. சென்சாரை ஏத்துறது என் வேலை. என்னை அங்கேருந்து எடுத்தது யாரு?”

தோ சிரித்தார். “எங்க போனேன்னு சொல்லுவ? அன்னிக்கு மூணாவது அறையில ஆபரேஷனே நடக்கல. பதிவேட்டப் பாரு.”

உடைமாற்றும் அறையில் சேஒக் ராஜினாமாக் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கிம்பாப் சோற்றுருளைப் பொட்டலம் ஒன்று பிரிக்காமலே இருந்தது. நானே ஏத்துக்கறேன் அக்கா, உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு என்றாள்.

“அடுத்த தடவை ஏத்தச் சொன்னா யாருடி ஏத்துவா? இன்னொரு சேஒக். அவளும் இதே மாதிரி எழுதுவா.” இன்சுக் கடிதத்தைப் பிடுங்கி இரண்டாகக் கிழித்தாள்.

கருவி மேஜையைப் பார்த்துக்கொள்ளும் மேங்சுன் அக்கா காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். “எழுதுறதுன்னா எல்லாரும் ஒரே தாள்ல எழுதுவோம். பேனா மட்டும் வெளியில வாங்குங்கடி. இயக்குநரு குடுத்தது அந்தக் கொக்கி மாதிரி பாதியில உடையும்.”

சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே சேஒக் அழுதாள். சாயங்காலத்துக்குள் பதினேழு கையெழுத்து. தாளில் இருந்த கோரிக்கை, ஒரு தலைமாட்டுக்கு ஓர் ஆள். அதுவரை உயிர் போகிற அவசரம் தவிர வேறெந்த அறையும் திறக்காது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எல்லா அறைகளிலும் மானிட்டரின் ஒலியை முழுசாக ஏற்றிச் சோதனைக்கு அலறவிட்டார்கள். நடைக்கூடமே அதிர்ந்தது. தோ டை கட்டாமல் ஓடிவந்து நிறுத்தச் சொன்னார். ஒரு கைகூட அசையவில்லை. எல்லோருக்கும் வேலைநீக்கக் கடிதம் வரும், ஒருத்தியும் தப்ப முடியாது என்று மிரட்டினார்.

பதினேழு பேரும் அவரைத் தாண்டி, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கு நடந்தார்கள். தோ பின்னாலேயே வந்தார். அங்கே பெஞ்சில் வோன்பாலின் மனைவி, பெயின்ட் படிந்த அவருடைய காலணியை பிளாஸ்டிக் பையோடு மடியில் வைத்திருந்தாள். நாலு நாளாக வெள்ளைக் கோட்டுகளிடமெல்லாம் கேட்ட அதே கேள்வியை இன்சுக்கிடமும் கேட்டாள்.

“அவருக்கு அப்படி ஆனப்ப பக்கத்துல பாத்துக்க யாருமே இல்லையா?”

“நான் இருந்திருக்கணும். இல்ல. தப்புதான். உங்ககிட்ட மறைக்க மாட்டேன்.”

“எங்க போனீங்க?”

“இன்சுக்,” என்றார் தோ தாழ்ந்த குரலில். “பிள்ளைங்கள நினைச்சுக்க.”

கூட்டத்திலிருந்து இரண்டு பேர் முன்னால் வந்து இன்சுக்கின் இருபுறமும் நின்றார்கள். அவள் போன இடத்தில் நாங்களும் இருந்தோம் என்றார்கள்.

“மூணாவது அறைக்கு,” என்றாள் இன்சுக். “காலேஜ் நுழைவுப் பரீட்சை முடிச்ச ஒரு பொண்ணுக்கு அழகுக்காக இமையில மடிப்பு வைக்கிறதுக்கு. தலைமாட்டுல ஒரு டாக்டரு, மூணு நர்ஸு. அவ கையப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, போன் பண்ணி எங்களக் கூப்பிட்டவரு. இதோ, இவருதான். அது இவரு பொண்ணு.”