மீசை வைத்த துத்தநாகம்

கடலே இல்லாத கோயம்புத்தூரில், கப்பலுக்கு மாட்டுகிற துத்தநாகக் கட்டிகள் முந்நூறை வாங்கிப் போட்ட ஆள் ஜபருல்லா ஒருவராகத்தான் இருக்கும். கொச்சி ஏலத்தில் எதிரே ஒருவன் கையைத் தூக்கினான். அவன் தூக்கி நாம் தூக்காமல் விடுவதா என்று இவரும் தூக்கினார். அவன் தூக்கியது ஈ ஓட்ட என்பது, லாரி வாளையாறு தாண்டிய பிறகுதான் இவருக்கு உறைத்தது.

உக்கடத்துக் கடையில் பாதி, வீட்டுப் படுக்கையறையில் பாதி என்று அடுக்கினார். மனைவி இஸ்மத் மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நான்காம் நாள் பையோடு சரவணம்பட்டிக்கு, மகள் உஸ்மா வீட்டுக்குக் கிளம்பினார்.

"ஒண்ணு, இந்தக் கட்டிக போகோணும். இல்லாட்டி கடல் வரோணும். ரெண்டுல எது நடந்தாலும் போன் பண்ணுங்க, வாரேன்."

கடலை வரவழைப்பது சிரமம் என்பதால் ஜபருல்லா காங்கேயம் போனார். அங்கே செங்கோடனின் எண்ணெய் மில்லில் இரும்புத் தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. போர்வெல் தண்ணீரின் உப்பு, இரும்பை முறுக்கு மாதிரிக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது.

"ஜிங்க்கை இரும்போட சேத்து முடுக்கித் தண்ணிக்குள்ள உட்டா, தண்ணி மொதல்ல ஜிங்க்கைத்தான் திங்குமுங்ணா. அது கரையக் கரைய இரும்பு தப்பிச்சுக்கும்."

"கரைஞ்சு போறதுக்கா காசு குடுத்து வாங்கறது? அதுக்கு நான் சோப்பு வாங்கிக்கறனுங் பாய்."

ஜபருல்லா சுற்றுமுற்றும் பார்த்தார். மில் வாசலில் கோர முகத்தோடு ஒரு பூசணிக்காய் தொங்கிக்கொண்டிருந்தது.

"வாசல்ல திருஷ்டிப் பூசணி கட்டியிருக்கறீங்கல்ல? கண்ணு பட்டா அது அழுகும், மில்லு தப்பிக்கும். இது தொட்டிக்குத் திருஷ்டிப் பூசணிங்ணா."

செங்கோடன் முகத்தில் பல்பு எரிந்தது. முப்பது வருட வியாபாரத்தில் ஜபருல்லா சொன்ன வார்த்தைகளிலேயே சிறந்தது அதுதான். வினையும் அதுதான்.

மாட்டுச் சந்தையில் செய்வதுபோல் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்துப் பேச்சு முடிந்தது. இப்போதைக்கு ஒரே ஒரு தொட்டிக்கு ஒரே ஒரு கட்டி. ஒரு வருடம் கழித்துத் தொட்டி நன்றாயிருந்தால் மிச்சம் முழுவதும் செங்கோடன் மில்லுக்கும் அவர் பங்காளிகள் மில்லுக்கும் போகும், சேர்த்து மொத்தம் பதினாலு மில். துருப்பிடித்திருந்தால் ஜபருல்லா அப்புறம் காங்கேயம் ரோட்டில் தலைகாட்டக் கூடாது.

வருடம் ஓடியது. குறித்த நாளில் பஸ் ஏறும்போதே இஸ்மத்துக்குப் போன் போட்டார்.

"இன்னைக்குக் கட்டிக போயிரும்."

"போன பொறவு பேசுங்க."

மில்லில் பங்காளிகள் வெள்ளை வேட்டியில் வரிசையாக நின்றிருந்தார்கள். தொட்டியை வடித்து வைத்திருந்தார்கள். ஜபருல்லா ஏணியில் ஏறி, போன் டார்ச்சை உள்ளே அடித்தார்.

தொட்டி முழுக்கத் துரு, செக்கச் சிவப்பாய். நடுவில் அவருடைய கட்டி மட்டும் நேற்று வாங்கியதுபோல் பளபளவென்று இளித்தது. கோரைப்பல், தொங்கும் நாக்கு, காதுவரை முறுக்கிய மீசை.

"இதென்னங்ணா?"

"நீங்கதானுங் பாய் திருஷ்டிப் பூசணின்னீங்க! மூஞ்சி வரையாத பூசணிய எவனாச்சும் கட்டுவானா? லாரிக்குப் படம் போடற ஆளைக் கூட்டியாந்து, முன்னால பின்னால மூணு கோட்டு அடிச்சுபோட்டேன். ஒசந்த பெயின்ட்டு!"

"பெயின்ட்டுல மூடுனா தண்ணி எப்பிடிங்ணா அதைத் திங்கும்? அதைத் திங்க முடியாமத்தான் தொட்டியத் தின்னுருக்குது!"

"அப்ப உங்க ஜிங்க்கு, சட்டை போட்டா வேலைக்குப் போகாதுங்களா?" என்றார் கீழே ஒரு பங்காளி. பதினாலு வேட்டியும் குலுங்கின.

ஜபருல்லா ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண்ணுக்குள் ஆளில்லாத தலையணை ஒன்று வந்து போனது.

"கொஞ்சம் எறங்குங் பாய், நானும் பாக்கறேன்" என்று செங்கோடன் மனைவி தெய்வாத்தாள் ஏறினார். உள்ளே உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங் மாமா, இதுக்குக் கண்ணு எங்கீங்க?"

கண் இருக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரல் ஆழத்துக்கு இரண்டு குழிகள். கட்டியைச் சுற்றி நாலு விரற்கடை அகலத்துக்கு இரும்பு துருவில்லாமல் இருந்தது.

"கண்ணத் தொறக்க நல்ல நேரம் பாக்கோணும், வெள்ளகோவில் போயிட்டு வந்து தொறக்கறேன்னு போன பெயின்டரு, வரவே இல்லைங் அம்மணி" என்று செங்கோடன் அசடு வழிந்தார்.

"அதேதானுங்ணா!" ஜபருல்லா துள்ளினார். "பெயின்ட் படாத எடம்…"

"புரிஞ்சு போச்சுங் பாய்." செங்கோடன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "ரெண்டு கண்ணே இவ்வளவு தூரம் காப்பாத்துதுன்னா, மூஞ்சி பூராக் கண்ணா இருந்தா?"

பங்காளிகள் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒருவர் தனக்குப் பத்துக் கண் வேண்டும் என்றார். அடுத்தவர் இருபது என்றார். மூன்றாமவர் பின்பக்கமும் கண் கேட்டார். ஜபருல்லா ரசாயனத்தை எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"எல்லாருக்கும் ஒடம்பு பூராவே கண்ணு. பெயின்ட்டே படாது, போதுங்களா?"

"மீசை வேணுமுங்க" என்றார் செங்கோடன். "மீசை இல்லாட்டி துரு எதுக்குப் பயப்படும்?"

"மீசை மட்டும். நூலாட்ட."

"வெரலாட்ட."

அரைமணி நேர பேரத்துக்குப் பிறகு பென்சில் கனத்தில் மீசை முடிவானது.

"ஒரு கட்டி வருசத்துக்கு மேலயே வருமுங்ணா" என்று ஜபருல்லா நியாயமாகத்தான் சொன்னார்.

"பூசணிக்காய வருசம் பூரா உடுவாங்களா? அமாவாசைக்கு அமாவாசை மாத்தியே ஆகோணும்."

மில்லுக்கு இரண்டு தொட்டி, பன்னிரண்டு அமாவாசை. இருக்கிற கட்டிகள் போதாமல் முப்பத்தேழு குறைந்தது.

எல்லாம் விலைபோய்விட்டது என்ற போனைக் கேட்டு, மறுநாள் இஸ்மத் பையோடு வந்து நின்றார். படுக்கையறை காலியாகவில்லை. கட்டிலின் மேலும் கட்டிகள் மீசையோடு காய்ந்துகொண்டிருந்தன.

"கடல் வந்துருச்சாக்கும்?"

ஜபருல்லா நடந்ததைச் சொன்னார். இஸ்மத் ஒரு கட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது மீசையா, கரப்பாம்பூச்சியா? நவுருங்க."

பையை வைத்துவிட்டுத் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டார். பத்து மீசை தீட்டிய பிறகு, தலை நிமிராமலே கேட்டார்:

"மிச்ச முப்பத்தேழுக்குக் கொச்சி போகோணுமில்ல? நானும் வாரேன். ஈ இருக்குதான்னு ஒருத்தராச்சும் பாக்கோணும்."