மூன்றாவது பெயர்

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போடச் சொன்ன முதல் நாள், பரிபூரணம் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பழக்கதோஷம், என்ன செய்ய? உள்ளே சாமி இல்லை. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துத்தான் மினுமினுத்தது. ஆனால் ராஜபாளையத்துச் சித்திரை வெயிலிலிருந்து அந்த ஏசி குளிருக்குள் நுழைந்தால் யாருக்குமே கனவில் நடக்கிற மாதிரித்தான் இருக்கும். தொண்ணூற்றிரண்டாம் வருஷம் அது. வன்னியம்பட்டியிலிருந்து தினம் பஸ்ஸில் வந்து ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழி படித்தாள்.

‘வேரியபிள் என்பது ஒரு பெயர். அதற்குள் எதையாவது போட்டு வைக்கலாம், வேண்டும்போது மாற்றலாம்’ என்று வாத்தியார் சொன்ன அன்று, பஸ் ஜன்னலோரம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். மலைமேல் மேகம் இறங்குவதும் கலைவதுமாக இருந்தது. பெயரெல்லாம் ஆளில்லாத வீடுகளாக வரிசை கட்டி நிற்க, யார் யாரோ குடிவந்து காலி செய்து போனார்கள். இறங்கவேண்டிய இடம் தாண்டி வெகுநேரமாகியிருந்தது.

கனவு காண்கிற நேரமா அது? குருவம்மாள் அக்கா காய்ச்சலில் போய் ஒன்றரை வருஷம். பட்டாளத்திலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்த அத்தான் சுந்தரபாண்டியன் ஞாயிற்றுக்கிழமை ரயிலேற வேண்டும். அதற்குள் பரிபூரணம் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அக்காள் இருக்கிற வரைக்கும்தான் மச்சான் உறவு என்பார்கள். அவள் வீட்டாரோ அக்காள் போன பிறகும் மச்சானை விடுவதாக இல்லை. மூத்தவள் இடத்தில் இளையவளைக் கொடுத்துவிடுவது என்று பேசி முடித்தாயிற்று. இவள் தலையாட்டுவது ஒன்றுதான் பாக்கி.

அத்தானைப் பிடிக்காமல் இல்லை. பிடித்திருந்தது என்பதே அவளுக்குக் குற்றமாய் உறுத்தியது. நான்கு வயது வெள்ளத்தாய், அக்கா மகள், இவளை ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டாள். பரிபூரணத்தின் அம்மாதான் பழக்கிவிட்டது. பிள்ளை ஏங்கிப்போகும் என்று அக்கா படத்தையும் கழற்றி உள்ளே வைத்தாயிற்று. எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். நல்ல எண்ணத்தை எதிர்த்து நிற்பது லேசில்லை.

வியாழக்கிழமை ஒரு கணக்குக் கொடுத்தார்கள்: ஏ, பி என்று இரண்டு வேரியபிள். ஏ-யில் இருப்பது பி-க்குப் போகவேண்டும், பி-யில் இருப்பது ஏ-க்கு வரவேண்டும். பரிபூரணம் ஏ-க்குள் ரோஜாவும் பி-க்குள் துளசியும் போட்டாள். இது என்ன பெரிய வித்தை, மாலை மாற்றுகிற கதைதானே? மணவறையில் அவன் கழுத்து மாலை இவளுக்கு, இவள் மாலை அவனுக்கு. ஏ-யில் பி-யைப் போடு, பி-யில் ஏ-யைப் போடு. இரண்டே வரி எழுதி ஓட்டினாள்.

துளசி, துளசி என்று வந்தது.

பக்கத்தில் அதே மெஷினைப் பங்கு போட்டுப் படிக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர் மாட வீதிப் பெண் பங்கஜவல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இதைக் கல்யாண மேடைன்னு நினைச்சியா? இது ஒவ்வொரு வரியாத்தான் பண்ணும். முதல் வரியிலேயே ஏ-க்குள்ள துளசி வந்துடுத்து.”

“அப்ப ரோஜா எங்க போச்சு?”

“எங்கேயும் போகலைடி. இல்லாமப் போயிடுத்து.”

பரிபூரணம் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள்; துளசிதான் வந்தது.

“மூணாவதா ஒரு பேர் வச்சுக்கோ. ரோஜாவை முதல்ல அதுல எடுத்து வச்சுட்டு, அப்பறம் மாத்து” என்றாள் பங்கஜவல்லி.

சி என்று ஒன்றை வைத்தாள். ரோஜா பிழைத்துக்கொண்டது. பங்கஜவல்லி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், யாரும் கேட்காத ஒரு புரோகிராமை அடித்தாள். ‘அம்மா’ என்று ஒரு வேரியபிள். அதற்குள் குருவம்மாள். அடுத்த வரியில் அதே பெயருக்குள் பரிபூரணம். ஓட்டினாள். திரையில் அவள் பெயர் பச்சையாக, அழகாக நின்றது. அக்கா இருந்ததற்கு ஒரு புள்ளிகூட அடையாளமில்லை. தன்னை எது பயமுறுத்தியது என்று அப்போதுதான் அவளுக்குத் துலங்கியது. இரண்டாவது வரியை அழித்துவிட்டு, ‘சித்தி’ என்று புதிதாக ஒரு பெயர் வைத்து அதற்குள் தன்னைப் போட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அத்தான் டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெள்ளத்தாய் அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

“அத்தான், எனக்குச் சம்மதம்” என்றாள் பரிபூரணம், பையைக்கூடக் கீழே வைக்காமல். “ஆனா இவளுக்கு நான் எப்பவும் சித்திதான். அம்மாங்கது அக்காவுக்கு உள்ளது. அதை எனக்குக் குடுக்காதீக.”

அவர் கை அப்படியே நின்றது. “இந்த வீட்டுல அவ பேச்சை எடுத்து எம்புட்டு நாளாச்சு” என்றார். “ஒனக்குச் சங்கடமா இருக்கும்னு நானும் வாயைத் தெறக்கல.” பிறகு மகளை இழுத்து முன்னால் நிறுத்திக்கொண்டார். “தாயி, குருவம்மாள் யாருன்னு சொல்லு பாப்போம்.”

பிள்ளை தொப்பிக்குள்ளிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. “தெரியாதே” என்றது.

சுந்தரபாண்டியன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பரிபூரணம் தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். “ஒன்னையப் பெத்தவ, தாயி. அவதான் ஒன் அம்மா.”

“அப்ப நீ யாரு?”

“நான் அவ தங்கச்சி.”