இடது பக்கத்திலிருந்து ஒரு கேள்வி

கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போன பின்பும் ஹவெல் பெவன் மேசைகளை நேராக்கிக்கொண்டே இருந்தார். வேல்ஸின் அந்தக் கடலோர ஊரில் உருக்காலை மூடியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதற்கப்புறம் படித்து அறிவியல் வாத்தியார் ஆனவர். முதல் வருஷம் முழுக்க அவருக்குக் கைகொடுத்துத் தேற்றிவிடும் பொறுப்பு, அதே அரசுப் பள்ளியில் தலை நரைத்துப்போன ஆசிரியை எலரியுடையது. வாராவாரம் அவர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து கவனிப்பாள்.

"உங்க இடது பக்கத்துப் பிள்ளைங்கள நீங்க கண்டுக்கவே மாட்டேங்கிறீங்க. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் அன்று.

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அந்தப் பக்கத்துக் காது போயிடுச்சு எலரி. ஆலைச் சத்தம் தின்னுடுச்சு."

"தலைமையாசிரியைகிட்ட சொல்லிடலாமே. ஏதாவது வழி பண்ணுவாங்க."

"ஆலைக்காரனுக்கு எதுக்கு வாத்தியார் வேலைன்னு ஏற்கனவே பேசறாங்க. செவிட்டு வாத்தியார்னு வேற பேரு வேணுமா? உங்களோட இருக்கட்டும்."

யாரிடமும் சொல்வதில்லை என்று எலரி வாக்குக் கொடுத்தாள்.

ஹவெலின் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கும் மதிப்பீட்டு நாளன்று தலைமையாசிரியை திருமதி பாஸ்கோ எலரிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஹவெல் இரும்பு உருகுவதைச் சொன்னார். கொதிக்கும் குழம்பின் நிறம் மாறுவதைத் தான் கண்ணால் கண்டபடியே அவர் சொல்ல, அடங்காத அந்த வகுப்பு வாய்பிளந்து கேட்டது. எலரிக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போது இடது ஓரத்தில், வருஷம் பூராவும் வாயே திறக்காத லோவ்ரி கேட்டாள்:

"சார், ஆறினப்புறம் அது அதே இரும்புதானா?"

அவர் பேசிக்கொண்டே போனார். லோவ்ரி மறுபடி கேட்டாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து மேசையில் கவிழ்ந்தது.

"காதுலயே போட்டுக்கலை பாருங்க," என்று முணுமுணுத்தார் திருமதி பாஸ்கோ. எலரிக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

கோடை விடுமுறைக்கு முன் வேலை நிரந்தரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஹவெல் விடைபெற வந்தார்.

"நீங்க யார்கிட்டயும் சொல்லல. தெரியும். நன்றி எலரி."

அந்த நன்றியை அவளால் தாங்க முடியவில்லை. "அன்னிக்கு லோவ்ரி உங்களக் கேள்வி கேட்டா," என்றாள்.

"லோவ்ரியா? என்ன கேட்டா?"

சொன்னாள்.

"நல்ல கேள்வி," என்றார். "ரொம்ப நல்ல கேள்வி."

அவர் போனதும் எலரி ஜன்னலருகே வந்தாள். வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஹவெல் பையைத் தரையில் வைத்துவிட்டு, வெளியே ஓடிவரும் பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிறைந்து கிளம்பின.