ஒரே பூட்டுப் போட்ட தெரு

வெள்ளிக்கிழமை தோறும், வளைகுடாவில் தம்மாமில் ஜும்மா தொழுகை முடிந்த கையோடு, அசன் மைதீன் பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் போடுவான். மேலப்பாளையத்தில் அப்போது பிற்பகல் அஸர் பாங்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும். அவன் மனைவி மைதீன் பாத்திமா, அவன் வாங்கி வந்த வயர் இல்லாத போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்துகொள்வாள்.

கல்யாணம் கட்ட வந்தவன் லீவு முடிந்து விமானம் ஏறியபோது, இரண்டு பேருக்கும் நடுவே இருந்த கூச்சத்தில் பாதிதான் தீர்ந்திருந்தது. மீதிப் பாதியைப் போனில்தான் தீர்க்க வேண்டியிருந்தது. நல்லாருக்கியா என்பான். இருக்கேன் என்பாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதற்கப்புறம் இருவரும் சும்மா இருப்பார்கள். அவன் பக்கம் ஏதோ குளிர்சாதனப் பெட்டி உறுமும். இவள் பக்கம் காக்கை கத்தும், கீழே யார் வீட்டிலாவது தறி சத்தம் கேட்கும். அவனுடைய மூச்சு அத்தனை தூரம் கடந்து வந்து காதில் மோதும். சொற்களைவிட அந்தச் சும்மா இருத்தல்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. போனை வைத்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டு தொட்டி நிழல் நகர்வது தெரியாமல் உட்கார்ந்திருப்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அவளிடம் சொல்வதற்கு ஒன்று இருந்தது. முந்தின நாள் உம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு பெண் டாக்டரைப் போய்ப் பார்த்தாள். அவள் நினைத்தது சரிதான் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் சன்னல் கம்பியைப் பிடித்தபடி தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்ததில், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டது.

சேதியை மாமியாரிடம் சொல்லவில்லை. பெற்ற தாயிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. தம்மாமுக்குத் திரும்புகிறதற்கு முந்தின ராத்திரி அசன் மைதீன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். வாப்பா மவுத்தான சேதி தெருவுக்கெல்லாம் தெரிந்து, தம்மாமில் இருக்கிற ஊர்க்காரர்களுக்கெல்லாம் தெரிந்து, கடைசியில் அவன் வேலை பார்க்கும் கடைக்குச் சாமான் வாங்க வந்த யாரோ ஒருவன் துக்கம் விசாரித்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்ததாம். "எங்க வீட்டு விசயம் எதுவா இருந்தாலும் எனக்குக் கடைசியாத்தான் வந்து சேரும்" என்றான். குறையாகச் சொல்லவில்லை, ஊர் வழக்கத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். இந்த ஒன்று அப்படி ஆகக் கூடாது என்று பாத்திமா பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டாள்.

போன் வந்தது. நல்லாருக்கியா, இருக்கேன் எல்லாம் ஆயிற்று. பாத்திமா மூச்சை இழுத்துக்கொண்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவனும் என்னவோ இருக்கிறது என்று உணர்ந்தவன்போல இன்னும் அமைதியானான். அமைதி நீண்டது. போனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ புள்ள, எதையாவது சொல்லித் தொலையேன். நானும் பீடிய எடுக்காம எம்புட்டு நேரமா உக்காந்திருக்கேன்."

பாத்திமா போனைக் கீழே போட்டுவிட்டாள். எழுந்து கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு முற்றத்தில் மீராள் மாமி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பீடித் தட்டு. தட்டில் இலைகளுக்கும் தூளுக்கும் நடுவே, ஏரியல் முழுவதும் இழுத்துவிடப்பட்ட ஒரு போன். கீழே கிடந்த பாத்திமாவின் போனிலிருந்து இன்னொரு பெண் குரல், யாரது மீராளா, நீயும் இருக்கியா என்று கேட்டது. அது எதிர் வீடு. தம்மாமிலிருந்து அசன் மைதீன், "உம்மா, நீங்களா பேசுதிய?" என்றான். யாரோ களுக்கென்று சிரிக்க, அவன் பயந்து லைனை வைத்துவிட்டான்.

மீராள் மாமிக்கு வெட்கம் துளியும் இல்லை. எங்க வீட்டுப் போன் அடிச்சுது, எடுத்தேன், அதுல என்ன தப்பு என்றாள். நியாயந்தான். தெருவில் எந்த வீட்டுக்குப் போன் வந்தாலும் எல்லா வீட்டிலும் மணி அடிக்கிறது என்பது மெல்ல வெளியே வந்தது. பாத்திமா மட்டும், வேறு குரல் கேட்டால் ராங் நம்பர் என்று வைத்துவிட்டு வந்திருந்தாள். பகலெல்லாம் பீடி சுற்றுகிற பெண்களுக்கு ரேடியோ அலுத்துப்போய்ப் பல மாதமாகியிருந்தது. எந்த வீட்டு மாப்பிள்ளை கோபக்காரன், எந்த வீட்டு மாமியார் போனில் மட்டும் அழுவாள் என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம்.

"எல்லாரு வீட்டுலயும் ஒரு சண்டை, ஒரு சிரிப்பு இருக்கு. உன்னுதுதான் வெறும் மூச்சு" என்று மாமி குறைபட்டுக்கொண்டாள். "நாங்களும் இன்னைக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு காத்துக் கிடக்கோம்."

பாத்திமா கீழே வந்து போனைப் புரட்டிப் பார்த்தாள். கையில் பிடிக்கிற பாகத்தின் பாட்டரி மூடியைக் கழற்றினால் உள்ளே மூன்று சின்னப் பல்சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை எண்கள். மேசையில் நிற்கிற பாகத்தின் அடியிலும் அதே மாதிரி மூன்று. இரண்டு பாகத்திலும் ஒரே எண் இருந்தால்தான் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்துகொள்ளும். வீட்டுக்கு ஒரு பூட்டு மாதிரி, எண்தான் சாவி. ஊரிலிருந்து கிளம்பும் முன் அசன் மைதீன் அந்தச் சக்கரங்களைத் திருப்பியது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பிஸ்மில்லா போட்டிருக்கேன், எந்தக் கண்ணும் படாது என்று சொல்லியிருந்தான். ஏழு, எட்டு, ஆறு.

தெருவில் இருந்த போன்கள் அத்தனையும் தம்மாமில் ஒரே கடையில் வாங்கிய ஒரே ஜாதி. வாங்கி வந்த ஆண்கள் அத்தனை பேரும், பூட்டுக்கு எண் வைக்க வேண்டும் என்று தெரிந்ததும், யாரும் யாரையும் கேட்காமல், வேறெதையும் யோசிக்காமல், எழுநூற்றி எண்பத்தாறு வைத்திருந்தார்கள். கண் படாமல் இருக்க வைத்த எண்ணால் தெருவின் காது முழுவதும் உள்ளே வந்திருந்தது. பாத்திமா சமையலறையில் நின்றபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் வீடு வீடாகப் போய், எண்ணை மாற்றிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். நல்ல யோசனைதான், நீ மாத்திக்கோ என்றார்கள். பிஸ்மில்லாவை எடுக்க எந்த வீட்டிலும் கை துணியவில்லை. அவளுடைய மாமியார் ஆசியா உம்மாளும் அதே கட்சி.

"பிஸ்மில்லாவ எடுத்துப்போட்டு ஷைத்தானையா குடி வைக்கப் போறே?"

அடுத்த வெள்ளி வரைக்கும் பாத்திமா பட்டபாடு கொஞ்சமில்லை. மீன் கழுவும் நேரம் பார்த்து மாடியில் துணி காயப்போடப் போனாள். புளிச்சட்டியைத் தாண்டும்போது கை தானாக நீண்டது. ஆசியா உம்மாள் ஒருமுறை கையில் கரண்டியோடு நின்று அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிக்கொண்டாள். இன்னும் சில நாள் போனால் கேட்டுவிடுவாள். மாமியாருக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தால் தம்மாமில் சாமான் வாங்க வருகிற எவனாவது அவனுக்கு முபாரக் சொல்லிவிடுவான். கடிதம் போய்ச் சேர வாரக்கணக்காகும். பஜாரில் இருந்த பூத்துக்குப் போகலாம் என்றால், அங்கே உட்கார்ந்திருப்பவன் எதிர் வீட்டுப் பெண்ணின் தம்பி.

வழி தோன்றியது வியாழன் மத்தியானம், துணி மடிக்கும்போது. சின்ன வயதில் மதரஸாவில் அரபி எழுத்துக்கு ஒவ்வொரு எண் உண்டென்று படித்திருந்தாள். அலிஃபுக்கு ஒன்று, பேக்கு இரண்டு, அப்படியே போகும். பிஸ்மில்லாவின் எழுத்துக்களைக் கூட்டித்தானே எழுநூற்றி எண்பத்தாறு வருகிறது. அப்படியானால் எந்தப் பெயரையும் கூட்டலாம். அடுப்புக்கரித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். தரையில் அசன் என்று அரபியில் எழுதிக் கூட்டினாள். நூற்றிப் பதினெட்டு. பாத்திமா நூற்றி முப்பத்தைந்து. இரண்டையும் சேர்த்தாள். இருநூற்றி ஐம்பத்து மூன்று. அந்த எண்ணைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. நிக்காஹ் ஓலையில் இரண்டு பெயரையும் சேர்த்துப் பார்த்தபோதுகூட இவ்வளவு வெட்கமாக இல்லை. காலால் அழித்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

ஆசியா உம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாத்திமா பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள்.

"மாமி, பிஸ்மில்லாவ அழகா எழுதி போன் மேலயே ஒட்டிருவோம். உள்ள உங்க மவன் பேருக்குள்ள எண்ண வைக்கட்டா?"

"எம்மவன் பேருக்கு எண்ணு உண்டா?"

"உண்டு மாமி."

"அவன் பேரு மட்டுந்தானா?"

பாத்திமா கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆசியா உம்மாள் ஒரு காம்பை உருவி முடித்தாள்.

"வை" என்றாள். "மீராளுக்கு எண்ணச் சொல்லிராத. எனக்கும் எம்மவன்கிட்ட அவளப்பத்தி நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கு."

வெள்ளிக்கிழமை போன் அடித்தபோது தெருவில் அந்த ஒரு வீட்டில் மட்டுந்தான் அடித்தது. பாத்திமா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்து முற்றத்தில் மீராள் மாமி தன் போனைக் காதில் வைத்துப் பார்த்தாள், உலுக்கினாள், பாட்டரி மூடியைத் தட்டினாள். ஆசியா உம்மாள் அவளெதிரே உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவள்போல வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"யாரும் இருக்காவளா?" என்று அசன் மைதீன் ரகசியமாகக் கேட்டான்.

"யாருமில்ல. பூட்டிட்டேன்."

இருவரும் சும்மா இருந்தார்கள். அப்புறம் பாத்திமா சொன்னாள். நாலே சொற்கள்தான். ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுமுனையில் மூச்சே இல்லை. இத்தனை வாரம் கேட்ட அமைதிகளில் இந்த மாதிரி ஒன்றை அவள் கேட்டதில்லை. அடுத்து ஏதோ மோதுகிற சத்தம், கதவு சத்தம். ரிசீவர் தொங்கிக்கொண்டு சுவரில் டக் டக்கென்று இடித்தது. தூரத்தில் அசன் மைதீன் கத்துவது கேட்டது. இரண்டு வருடம் அவனோடு வேலை பார்த்தவர்கள்கூட அவன் அப்படிக் கத்திக் கேட்டிருக்க மாட்டார்கள். நான் வாப்பா ஆவப்போறேன்லே, வாப்பா ஆவப்போறேன் என்று, பூத்துக்கு வெளியே முறைக்காகக் காத்திருந்த ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்குகிறான்போலிருந்தது. பாத்திமா தொட்டிமேல் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அவள் சிரித்து முடிப்பதற்குள் தெருவில் அத்தனை போன்களும் ஒன்றாக அடித்தன. தம்மாமில் பக்கத்துப் பூத்துக்குள் புகுந்த மீராள் மாமியின் மகன் உம்மாவைக் கூப்பிட்டிருந்தான். உம்மாவுக்கு வந்த அழைப்பைத் தெரு முழுவதும் எடுத்தது. சேதி கேட்டதும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கூச்சல் கிளம்பியது. மீராள் மாமியின் பீடித் தட்டு கவிழ்ந்து தூள் பறந்தது. எதிர் வீட்டில் யாரோ குலவையிட்டார்கள். ஆசியா உம்மாள் எழுந்து நின்று, கிள்ளிய வெற்றிலையைக் கையில் பிடித்தபடி, மாடியை அண்ணாந்து பார்த்தாள். கோபமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மறுவினாடி, செருப்பு ஒன்று காலிலும் ஒன்று முற்றத்திலுமாக வீட்டை நோக்கி ஓடி வந்தாள். ஏளா பாத்திமா, மாடியில ஏறி நிக்காத, பைய இறங்கு என்று அவள் கத்துவது படிக்கட்டில் எதிரொலித்தது.

ரிசீவரை யாரோ எடுத்தார்கள். அசன் மைதீனுக்கு மூச்சு இரைத்தது.

"தெருவுக்குத் தெரிஞ்சுட்டா?"

"இப்பத்தான்."

"எனக்கப்புறந்தானே?"

"உங்களுக்கப்புறந்தான்."

படியில் மாமியாரின் கால்சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாத்திமா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவன் மூச்சு ஒழுங்காகிற வரை கேட்டுக்கொண்டே நின்றாள்.