ஐடெல்லா ராஷ்கெ சமைத்த முதல் வான்கோழி

1974ஆம் ஆண்டு நன்றியறிதல் நாளன்று ஐடெல்லா ராஷ்கெ தன் வாழ்நாளில் முதன்முதலாக வான்கோழி சமைத்தாள். அதன் மணத்தைப் பிடித்துக்கொண்டு, யாரும் அழைக்காமலேயே, பதினேழு பேர் விருந்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒன்பது பேர் இறந்தவர்கள். அந்த வருடம் நெப்ராஸ்காவின் கிளாடன் வட்டாரத்தில் சோளம் சுமாராக விளைந்திருந்தது. அக்டோபர் கடைசியிலேயே மாட்டுத் தொட்டித் தண்ணீர்மேல் பனி ஏடு கட்டிவிட்டது. மற்றபடி குறிப்பிட்டுச் சொல்ல எதுவும் நடந்திருக்கவில்லை.

ஐடெல்லாவுக்கு அப்போது வயது நாற்பத்தாறு. இந்த வயதுவரை அவள் வான்கோழியைத் தொடாததற்குக் காரணம் அவளுடைய நாத்தனார் லியோனா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடமும் அந்த நாளின் வான்கோழி விருந்து லியோனா வீட்டில்தான். ஐடெல்லா ரொட்டி கொண்டுபோக வேண்டும், அதுவும் கடையில் வாங்கியதாக இருந்தால் நல்லது என்பது லியோனாவின் கருத்து. அந்த நவம்பரில் லியோனா நிலவறைப் படியில் சறுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். விருந்தை நிறுத்திவிடலாம் என்று ஐடெல்லாவின் கணவன் வெர்லின் சொன்னான். மகன் ராய்ஸ் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடமாகியிருந்தது; ஒரு கடிதம் இல்லை, ஒரு தொலைபேசி அழைப்பு இல்லை. வயோமிங் பக்கம் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்வதாக யாரோ சொன்னார்கள்; அந்த யாரோவுக்கு வேறு யாரோ சொன்னது அது. அவன் போன பிறகு வெர்லின் எதையுமே நிறுத்திவிடலாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். ஐடெல்லாதான், இந்தத் தடவை நான் செய்கிறேன் என்றாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பறவை இருபத்திரண்டு பவுண்டு. கல்லாக உறைந்திருந்ததை ஞாயிற்றுக்கிழமையே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தும் வியாழன் காலையில் வயிற்றுக்குள் பனி நின்றது. குழாயடியில் வைத்து உள்ளே கையை விட்டுத் துழாவினாள். விரல்கள் மரத்துப்போயின. ஒரு காகிதப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. பிரித்தால் கழுத்து, ஈரல், சின்னஞ்சிறு இதயம். கைக்கட்டை மேசைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த லியோனா எட்டிப் பார்த்தாள்.

"அதைக் கண்டுபிடிச்சுட்டியா? பரவாயில்லையே. பொட்டலத்தோட வேக வச்சுடுவேன்னுல்ல நான் பந்தயம் கட்டியிருந்தேன்."

"யார்கிட்ட பந்தயம்?"

"என்கிட்டயேதான். இந்த வீட்டுல வேற யாரு பேசறா?"

ஐடெல்லா காய்ந்த ரொட்டியைப் பிய்த்து, வெங்காயமும் செலரியும் வெண்ணெயில் வதக்கி, சேஜ் இலை கசக்கிப் போட்டு வயிற்றை நிரப்பினாள். தோலுக்கும் சதைக்கும் நடுவே விரலை நுழைத்து வெண்ணெய் தடவினாள். அந்தத் தோல் ஒரு குழந்தையின் ஈரச் சட்டையைப் போலக் கழன்று வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. எட்டு மணிக்கு ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். ஒன்பதரைக்கு மணம் கிளம்பியது. நல்ல மணம்தான், லியோனாவே ஒரு நிமிடம் வாய் மூடி இருந்தாள். அன்று வடக்கிலிருந்து பலத்த காற்று. ஆனால் மணம் காற்றை மதிக்காமல் நான்கு திசையிலும் போனது. அறுபது மைல் தள்ளி ஒரு பேருந்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு அது எட்டியது என்பதைப் பிற்பாடு அவரே சொன்னார். கொட்டிலில் இருந்த பதினான்கு மாடுகளும் தீவனத்தை விட்டுவிட்டு முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டு நின்றன.

முதலில் வந்தவர் ஹார்வி, வெர்லினின் ஒன்றுவிட்ட தம்பி. ஏழு வருடத்துக்கு முன் நிலத் தகராறில் பேச்சு அறுந்துபோனவர். மேற்கே நெடுஞ்சாலையிலிருந்து காரில் வந்து முன்கதவைத் தட்டி, எதற்கு வந்தோம் என்று தெரியாதவராகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "வண்டி தானா இங்க திரும்பிடுச்சு, வெர்லின்," என்றார். அவருக்குப் பின்னால் இன்னொரு கார் வந்தது, ஊரைவிட்டுப் போன பழைய பாதிரியாருடையது. பேருந்திலிருந்து பாதியில் இறங்கிய ஆளை ஒரு லாரிக்காரர் ஏற்றி வந்தார். இருவருமே உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ஐடெல்லா உருளைக்கிழங்கை இன்னும் ஒரு பானை கூட்டி வைத்தாள்.

பத்தரைக்கு யாரோ சமையலறைப் பக்கத்துக் கதவைத் தட்டினார்கள். அது கிழக்கு வாசல். அந்தப் பக்கம் ஒரே ஒரு மண்சாலை உண்டு. அது லுத்தரன் கல்லறைத் தோட்டத்தில் போய் முடியும். ஐடெல்லா கதவைத் திறந்தாள். வெர்லினின் அப்பா எமில் நின்றுகொண்டிருந்தார். 1951இல் அடக்கம் செய்தபோது போட்ட அதே கறுப்புக் கோட்டு. காலணியை மிதியடியில் நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். அவரோடு ஒரு குளிர் உள்ளே வந்து தரையோடு படர்ந்தது. ஓவன் எரிகிற அறையில் ஜன்னல் கண்ணாடி உட்பக்கமாகப் பனி பூத்தது. லியோனா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அப்பா," என்றாள். அவள் குரல் பத்து வயதுப் பெண்ணின் குரலாக இருந்தது.

"உப்புப் போட்டாளா?" என்று கேட்டார் எமில். போட்டிருக்கிறது என்றார்கள். அவர் கூடத்துக்குப் போய்த் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த லாரிக்காரரைப் பார்த்தபடி நின்றார். லாரிக்காரர் எழுந்து இடம் கொடுத்தார்.

அதன்பிறகு இரண்டு கதவும் ஓயவில்லை. கார்கள் மேற்கிலிருந்து வந்தன. கிழக்குச் சாலையில் ஆட்கள் நடந்து வந்தார்கள். சோளக்கொல்லையில் இடி விழுந்து போன அண்டைவீட்டுக்காரர் வந்தார். பிரசவத்தில் போன பள்ளி ஆசிரியை கையில் எதுவும் இல்லாமல் வந்தாள். பதினோரு மணிக்கு ஐடெல்லாவின் அக்கா ஆல்மா வந்தாள். அவளைப் புதைத்தது இங்கே அல்ல, ஆயிரத்து ஐந்நூறு மைல் தள்ளி ஓரிகன் மாநிலத்தில். அவளும் கிழக்குச் சாலையில்தான் நடந்து வந்தாள். ஐடெல்லா அக்காவின் கோட்டை வாங்கி மாட்டினாள். கோட்டு ஐஸ்கட்டியைப் போல இருந்தது. மாட்டிவிட்டுத் திரும்பும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது: எங்கே செத்தாலும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். 

அரைமணிக்கு ஒருமுறை ஓவனைத் திறந்து கொழுப்பை அள்ளிப் பறவையின்மேல் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு முறை திறந்தபோதும் ஒரு பெருமூச்சைப் போல மணம் வெளியேறியது. ஒவ்வொரு முறையும் யாராவது வந்தார்கள். ஊற்றிவிட்டு அவள் முதலில் மேற்கு ஜன்னலுக்குப் போவாள், பிறகு கிழக்கு ஜன்னலுக்கு. பன்னிரண்டரைக்கு மேல் மேற்கு ஜன்னலில் அதிக நேரம் நின்றாள். ராய்ஸ் ஓட்டிப்போனதைப் போன்ற ஒரு நீலநிற லாரி தெரிந்தபோது கண்ணாடியில் நெற்றியைப் பதித்துப் பார்த்தாள். அது நிற்காமல் போய்விட்டது.

ஒன்றரை மணிக்கு வெர்லின் சமையலறைக்கு வந்தான். நேராக ஓவனிடம் போய்த் திருகுமேல் கையை வைத்தான்.

"அணைச்சுடறேன், ஐடெல்லா."

"இன்னும் வேகலை."

"வெந்தது போதும். பச்சையாவே தின்னுட்டுப் போகட்டும். யாரு வரப்போறான்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"எந்தப் பக்கமா வருவான்னு தெரியாதே."

"தெரியவே வேண்டாம். தெரியாத வரைக்கும் அவன் எங்கேயோ இருக்கான்ல?"

லியோனா எழுந்து வெளியே போகப் பார்த்தாள். வெர்லின், "நீயும் இரு. நீயும் கேட்டுக்கோ," என்றான். அவன் கை திருகை விடவில்லை. "அன்னைக்குக் காரை இடிச்சுட்டு வந்ததுக்கு நான் அவனைத் திட்டினேன்னு மட்டும்தான் உன்கிட்ட சொன்னேன். திட்டினதோட விடலை. இனிமே இந்த வாசப்படிய உயிரோட மிதிக்காதன்னு சொன்னேன். அந்த வார்த்தையத்தான் சொன்னேன், ஐடெல்லா. உயிரோடன்னு."

 கூடத்தில் கிழக்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் சமையலறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஐடெல்லாவுக்கு அவனை அடிக்கத் தோன்றியது. வறுக்கும் தட்டை எடுத்து அவன் தலையில் போடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் இந்த இரண்டு வருடமும் அவன் எப்படிச் சாப்பிட்டான், எப்படித் தூங்கினான் என்பதெல்லாம் அவளுக்கு அந்த நிமிடம் புரிந்தது.

"கையை எடு," என்றாள்.

"அவன் அந்தப் பக்கமா வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"கதவைத் திற. வேற என்ன பண்ணுவே? ரெண்டு வருஷமா நான் ரெண்டு ஜன்னலுக்கும் நடுவுல நிக்கிறேன், வெர்லின். கால் போயிடுச்சு. ஏதோ ஒரு பக்கமா அவன் வந்தாகணும்."

அவன் கையை எடுத்தான். லியோனா இடது கையால் முள்கரண்டியை எடுத்துத் தொடையில் குத்திப் பார்த்தாள். சாறு இளஞ்சிவப்பாக வந்தது. "இன்னும் ஒரு மணி நேரம்," என்றாள். அன்றைக்கு அவள் குறை சொல்லாமல் பேசியது அது ஒன்றுதான்.

இரண்டு நாற்பதுக்கு ஐடெல்லா கடைசியாக ஓவனைத் திறந்தாள். தோல் செம்பு நிறத்தில் முறுகியிருந்தது, சாறு தெளிந்துவிட்டது. தட்டைத் தூக்கி அடுப்பின்மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது கிழக்குச் சாலையில் ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான். ஜீன்ஸ் துணிச் சட்டை, தொப்பி இல்லை. மழை இல்லாத அந்த நாளில் தலைமுதல் கால்வரை நனைந்திருந்தான். இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடக்கிற நடை.  ஐடெல்லா ஈரத்துணியால் கையைத் துடைத்தாள், பிறகும் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். வெர்லின் அவளைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்து, அது காற்றில் சாத்திக்கொள்ளாதபடி முதுகைக் கொடுத்து நின்றான்.

ராய்ஸ் படிக்குக் கீழேயே நின்றுவிட்டான்.

"வரலாமாப்பா?"

 வெர்லின் குனிந்து மகனின் ஈரச்சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"மணம் வந்துச்சும்மா," என்றான் ராய்ஸ். "நீயா சமைச்சே? நிஜமாவா?"

"நான்தான். உட்காரு. சட்டையக் கழட்டு முதல்ல," என்றாள் ஐடெல்லா. அவன் கன்னத்தில் கையை வைத்தாள். காலையில் பறவையின் வயிற்றுக்குள் விட்டபோது மரத்ததைவிட அதிகமாக விரல்கள் மரத்தன. அவள் கையை எடுக்கவில்லை.

எல்லோரும் சாப்பிட்டார்கள். மார்புச் சதை கொஞ்சம் வறண்டிருந்தது என்று லியோனா சொன்னது உண்மைதான். கிழக்கிலிருந்து வந்தவர்களின் தட்டில் உணவு குறையவில்லை. ஆனால் அவர்கள் எழுந்த பிறகு அதில் உப்போ உறைப்போ மணமோ எதுவும் மிஞ்சவில்லை, நாய்கூட மோந்துவிட்டுப் போனது. பொழுது சாயும்போது அவர்கள் ஒவ்வொருவராக ஐடெல்லாவிடம் சொல்லிக்கொண்டு வந்த சாலையிலேயே போனார்கள். ஆல்மா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராய்ஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை. நீயும் போகிறாயா என்று அவனை யாரும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் அவன் மாட்டுக் கொட்டிலுக்குப் போனான். மாடுகள் முதலில் மிரண்டன, ஒரு வாரத்தில் பழகிவிட்டன. அவன் கறந்த பால் மட்டும் இரண்டு நாள் கூடுதலாகக் கெடாமல் இருந்தது.

அடுத்த ஆகஸ்டில் வயோமிங்கில் ஓர் ஆறு வற்றியபோது, பாலத்துக்கு அடியில் நீலநிற லாரி ஒன்று கிடைத்ததாகவும், ஓட்டியவர் இறந்து ஏறக்குறைய மூன்று வருடம் ஆகியிருக்கலாம் என்றும் காவல்துறையிலிருந்து கடிதம் வந்தது. வெர்லின் போய், மிச்சமிருந்த உடலைப் பெட்டியில் வாங்கி வந்தான். வெயிலில் தரை இரும்பாக இறுகியிருந்ததால் ராய்ஸும் கூட நின்று குழி தோண்டினான். அப்பாவுக்கு முதுகுவலி என்று பெரும்பகுதியை அவனே தோண்டினான். பாதிரியார் ஜெபம் சொன்னபோது சட்டையை மாட்டிக்கொண்டு மரியாதையாக நின்றான். ஊரில் இதைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். பிறகு அறுவடை வந்துவிட்டது.

1980ஆம் ஆண்டு ஏப்ரலில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க லிங்கன் நகரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐடெல்லா அவளுக்குக் காப்பியும் ஓவனில் சுட்ட ஆப்பிள் பை ஒரு துண்டும் கொடுத்தாள். இந்த வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். மூன்று பேர் என்றாள் ஐடெல்லா, பெயர்களைச் சொன்னாள். மகனுக்கு என்ன வயது என்று கேட்டதற்கு, பத்தொன்பது, அதற்குமேல் ஏறவில்லை என்றாள். அந்தப் பெண் ஜன்னல் வழியாக, டிராக்டருக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்த ராய்ஸைப் பார்த்தாள். பத்தொன்பது என்று எழுதிக்கொண்டாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று கேட்டாள்.