எதிர்ப்பக்கத் திருகு

அட்டைப் படத்தில் முகம் தெரியக் கூடாது; ஆனால் பார்க்கிறவனை உலுக்க வேண்டும். வார இதழின் ஆசிரியர் டிசைனருக்குப் போட்ட உத்தரவு அதுதான்.

முகம், ஒரு மருந்துக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் பெண்ணுடையது. காலாவதியான மருந்துக்குப் புதுத் தேதி ஒட்டச் சொல்கிறார்கள் என்று அவள் வாய் திறந்திருந்தாள். அவளைப் பேச வைத்தவன் டிசைனரின் கணவன். அதே இதழில் நிருபர். "உன் முகம் வெளிய வராதும்மா, அது என் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

டிசைனர் முகத்தைக் கட்டம் கட்டமாக்கிப் பார்த்தாள். உயிரே இல்லை. கறுப்புப் பட்டை போட்டாள். குற்றவாளி மாதிரி இருந்தது. கடைசியில் சுழற்றும் ஃபில்டரை எடுத்து, மூக்கை நடுவாக வைத்து ஒரு திருகு திருகினாள். கண்ணும் வாயும் வடிகுழியில் இறங்கும் தண்ணீர்போல உள்ளே போயின. பயத்தையே படம் பிடித்த மாதிரி இருந்தது.

"அடி தூள்!" என்றார் ஆசிரியர். "இதான் அட்டை. கை வைக்காதே."

அச்சகத்துக்கு அனுப்பும் முன், முடிந்த படத்தைத் திறந்து இன்னும் கொஞ்சம் திருகினால் என்ன என்று பார்த்தாள். கை தவறி, திருகு எதிர்ப்பக்கம் போய்விட்டது. திரையில் முகம் மெல்ல அவிழ்ந்தது. கண் வந்தது. மூக்கு வந்தது. மேலுதட்டு மச்சம்கூட வந்தது.

அவள் கணவனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

பார்த்ததும் நிருபரின் முகம் வெளிறியது. "இதை யார் வேணா பண்ணலாமா?"

"வேலை தெரிஞ்ச எவனும் பிரிச்சிடுவான்."

"அப்ப கறுப்படிச்சுத் தொலை!"

"கறுப்படிச்சா அவ குற்றவாளி மாதிரி தெரிவா" என்றாள். எழுந்து வெள்ளைச் சுவரை ஒட்டி நின்றாள். "என்னை ஒரு போட்டோ எடுங்க."

எடுத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அதற்குள் அந்தப் பெண்ணின் சீருடை போட்ட தோளின்மேல் தன் தலையைப் பொருத்தி, அதே திருகைத் திருகிவிட்டிருந்தாள்.

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு உன்னைத் தேடி வருவானுங்க!"

"வரட்டும். எனக்குப் பின்னால ஒரு ஆபீஸே இருக்கு. அவளுக்கு யாரு இருக்கா?"

ஆசிரியரிடமும் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அனுப்பு" என்றார்.

இதழ் வெளிவந்த வாரமே ஒருவன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை. விளம்பரம் கொடுக்க வேண்டும் என்றானாம். வடிவம் பற்றிப் பேச டிசைனரைக் கீழே கூப்பிட்டார்கள். அவள் எதிரே உட்கார்ந்ததும் அவன் பேச்சு பாதியில் நின்றது. கையிலிருந்த உறையிலிருந்து ஒரு தாள் எட்டிப் பார்த்தது. அதில் திருகைப் பிரித்தெடுத்த அவள் முகம், கொஞ்சம் கோணலாக.

அவள் கையை நீட்டித் தாளை இழுத்தாள்.

"நான்தான். கம்பெனியில யாருக்கும் அடையாளம் தெரியலையா? பாவம். மூக்கைப் பாருங்க, இழுத்துக்கிட்டு நிக்குது. நடுவைச் சரியா வைக்கலை நீங்க."

அவன் அவளையே வெறித்தான். பிறகு எழுந்து வெளியேறினான். வாசலில் இருந்த கேமரா அவனைப் படம் பிடித்துக்கொண்டது.

மாடிப்படியில் பாதி ஏறியவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். கணவன் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான்.

கேமராப் படத்தோடு இருவரும் போலீசுக்குப் போனார்கள். வந்தவன் கம்பெனி ஆள்தான் என்று தெரிந்தது. சில நாளில் அதிகாரிகள் கம்பெனிக் கிடங்குக்கு சீல் வைத்தார்கள். அன்று லேபிள் ஒட்டும் பெண் நிருபருக்கு போன் செய்து, டிசைனரிடம் கொடுக்கச் சொன்னாள்.

"அக்கா, அட்டையில என் மூஞ்சி எங்கன்னு ரொம்ப நேரம் தேடினேன்."

"கிடைச்சுதா?"

"இல்லக்கா" என்றாள். அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டாள்.